‘தேடுகிறது’ என்ற சொல்லும் அறுபத்தொரு கடிதங்களும்

இரணியலுக்கு அருகிலுள்ள குடும்ப வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்த தகரப் பெட்டியில் அறுபத்தொரு கடிதங்கள் கிடைத்தன என்றும், அவை உங்கள் பாட்டாவும் பாட்டியும் திருமணம் நிச்சயமான நாள் தொடங்கி இரண்டாம் உலகப் போர் முடிந்து பாட்டா ஊர் திரும்பியது வரை எழுதிக்கொண்டவை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தேதிகளை எப்படிக் கணக்கிடுவது, கறுப்பு மையால் அடிக்கப்பட்ட வரிகளை மீட்க முடியுமா, காகிதம் உதிராமல் எப்படிக் காப்பது என்று மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: “ஒன்றில்கூட காதல் என்றோ ஆசை என்றோ ஒரு சொல் இல்லை, பனைமரம், பசுமாடு, சீட்டுப் பணம், யாருக்குக் காய்ச்சல் என்பவைதான் இருக்கின்றன, இவர்களுக்குள் நேசம் இருந்ததா, அல்லது கடமைக்காக எழுதிக்கொண்டார்களா?” நீங்கள் உண்மையில் கேட்டது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்றும் இதற்குப் போய்ச் சேரும் வழிகள். ஆகவே அவற்றையும் இதை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களைச் செப்பனிடும் பிரிவில் பணிபுரிந்தேன். ஓய்வுபெற்று நாகர்கோவிலுக்கு வந்த பிறகு, நம் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் கொண்டுவரும் கடிதக் கட்டுகளை வாசித்து, தேதி குறித்து, வரிசைப்படுத்திக் கொடுத்துவருகிறேன். காகிதம், மை, கையெழுத்து, கடித நடை ஆகியவற்றைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச என்னால் முடியும். படைவரலாறு என் துறை அன்று. மேலும் அறுபத்தொன்றில் நீங்கள் படமெடுத்து இட்டிருக்கும் நான்கை மட்டுமே பார்த்திருக்கிறேன். கீழே நான் ஊகமாகச் சொல்லும் இடங்களை மீதமுள்ள ஐம்பத்தேழு கடிதங்களைக் கொண்டு நீங்கள் சரிபார்க்க வேண்டும்.

முதலில் தேதி. நான்கு கடிதங்களின் தலையிலும் உள்ளது கொல்லம் ஆண்டு. 1956 நவம்பர் 1 வரை நம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தவை. வீட்டுக் கணக்கு முதல் பத்திரம் வரை கொல்லம் ஆண்டே புழக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஆவணி முதல் நாளில், அதாவது ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரையுள்ள நாள்களுக்கு 824-ஐயும், ஜனவரி பிறந்தபின் ஆடி முடியும் வரையுள்ளவற்றுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். உங்கள் முதல் படத்தில் உள்ள 1115 மாசி என்பது 1940 பிப்ரவரி–மார்ச். திருமணம் நடந்ததாக நீங்கள் சொல்லும் 1116 வைகாசி என்பது 1941 மே–ஜூன். எண்களுக்குப் பக்கத்தில் நீங்கள் ‘கிறுக்கல்’ என்று குறித்திருப்பவை கிறுக்கல்கள் அல்ல: ௳ என்பது நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி, ௹ ரூபாய். பணத்தைப் பற்றிய வரிகளில் ரூபாயோடு சக்கரமும் வரும். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை.

இந்த 824, 825 வேறுபாட்டைச் சிறிய விஷயமாக எண்ணிவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்காக 1118 கார்த்திகைக் கடிதம் ஒன்றை அவசரத்தில் 825 கூட்டி 1943 என்று குறித்துக் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டின் மகள் 1943 அக்டோபரில் பிறந்தவர். தாம் பிறந்த அடுத்த மாதம் தகப்பனார் எழுதிய கடிதத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று, அறுபது வயது கடந்த அந்தப் பெண்மணி வெகுநாள் மனம் நொந்திருந்தார். கடிதம் உண்மையில் 1942 நவம்பரில் எழுதப்பட்டது. அப்போது அவர் கருவிலும் இல்லை. பிழையை நான் கண்டுபிடித்துச் சொல்ல ஓராண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தையும் தபால் முத்திரையோடு ஒப்பிடாமல் நான் தேதி குறிப்பதில்லை. நீங்களும் உறைகளைத் தூக்கி எறியாதீர்கள், அஞ்சல்தலைகளை உரித்தெடுக்காதீர்கள்.

உறைகளைப் பார்த்தாலே கட்டு இரண்டாகப் பிரியும். திருமணத்துக்கு முந்தையவற்றில் சங்கு பொறித்த அல்லது மகாராஜா சித்திரைத் திருநாளின் படம் உள்ள தலைகள் இருக்கும். அவை திருவிதாங்கூரின் சொந்த அஞ்சலில் போனவை. 1939-இல் வெளியான வரிசையில் குமரி முனையும் பேச்சிப்பாறை அணையும்கூட அஞ்சல்தலைப் படங்களாக வந்தன. இந்த ‘அஞ்சல்’ திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் மட்டும் ஓடியது. சமஸ்தானத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் வெளிநாட்டுக்கும் பிரிட்டிஷ் தபால்தான். 1951 ஏப்ரல் 1-இல் அஞ்சல் இந்தியத் தபாலோடு இணைக்கப்படும் வரை இரண்டும் அருகருகே நடந்தன. ஆகவே சங்கு முத்திரை நின்று, படைத்தபால் முத்திரை தொடங்கும் இடமே அவர்களுடைய வாழ்க்கை மாறிய இடம். குழித்துறையில் இருந்த பெண்ணுக்கு நாகர்கோவிலிலிருந்து இரண்டு நாளில் கிடைத்த எழுத்து, பாட்டா படையில் இருந்த இராக்கின் பாஸ்ராவிலிருந்து வர வாரக்கணக்காகியது. இரண்டு திசையிலும் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்துபோகும். பாட்டி ஒரு கேள்வி கேட்டு, பதில் வராமல் மூன்று கடிதம் எழுதியபின் முதல் கேள்விக்கான பதில் வந்து சேரும். எனவே எழுதிய தேதியில் ஒரு வரிசை, கிடைத்த தேதியில் ஒரு வரிசை என இரண்டு பட்டியல் போடுங்கள். ஒரே வரிசையில் வாசித்தால் ஒருவர் கேட்க மற்றவர் காதில் வாங்காதது போலத் தோன்றும். “கடமைக்காக எழுதினார்களா” என்ற உங்கள் ஐயத்தில் ஒரு பங்கு இங்கிருந்தே வந்திருக்கக்கூடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்று நாம் கடிதம் என்று சொல்லும்போது, ஒருவர் தனியே எழுதி மற்றொருவர் தனியே வாசிப்பது என்று கொள்கிறோம். 1940-இல் நம் ஊரில் நிச்சயமான பெண்ணுக்கு மாப்பிள்ளை எழுதும் கடிதம் அப்படிப்பட்டதன்று. அது பெரும்பாலும் பெண்ணின் தகப்பனார் பெயருக்கோ தமையன் பெயருக்கோ வரும். திண்ணையில் உரக்க வாசிக்கப்படும். எழுத்தறியாத வீடாக இருந்தால் உபதேசியாரோ பள்ளிக்கூடத்து வாத்தியாரோ வாசிப்பார். பதிலும் அவ்வாறே பலர் முன்னிலையில் உருவாகும். உங்கள் முதல் படத்தைப் பாருங்கள். பாட்டா பெண்ணின் தமையனுக்கு எழுதியது அது. அத்தை, மாமா, சின்னம்மை, அண்டைவீட்டுக் கிழவர் வரை பதினோரு பேரைத் தனித்தனியே விசாரிக்கிறார். பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. கடைசியில், “மற்றும் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்” என்று முடிக்கிறார். இது அக்காலக் கடிதங்கள் எல்லாவற்றிலும் வரும் வாடிக்கையான முடிப்பு. தனியாக எடுத்துக்கொண்டால் இதிலிருந்து எதையும் நிறுவ முடியாது.

ஆனால் இரண்டாவது படத்தில் இருப்பது திருமணத்துக்குப் பின், பாஸ்ராவிலிருந்து பாட்டிக்கு மட்டும் எழுதியது. அதில் யாரையும் வரிசையாக விசாரிக்கவில்லை. அரைப் பக்கக் கடிதம். கம்பளி கிடைத்தது, வெயில் கடுமை, பல்வலி நின்றுவிட்டது என்று மூன்று செய்திகள். முடிவில் தனிவரியாக, “மற்றும் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.” கேட்டதாகச் சொல்ல அங்கே வேறு யாரும் பேசப்படவே இல்லை. பாட்டி எழுதிய நான்காவது படத்தின் கடிதம் எப்படி முடிகிறது தெரியுமா? “இங்கே மற்றும் எல்லாரும் சுகம். எழுத்து வராத மாசம் சுகமில்லை.” நிச்சயமான நாள்களில் பெயர் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் பிறந்த ஒரு சொற்றொடர், அவர்களுக்குள் பாட்டியின் பெயராகவே ஆகிவிட்டது என்பது என் வாசிப்பு. இரண்டு கடிதங்களை வைத்து இதை முடிந்த முடிபாகச் சொல்ல மாட்டேன். மீதமுள்ளவற்றில் இந்தத் தொடர் எங்கெல்லாம் வருகிறது, எந்த இடத்தில் வேறு யாரும் விசாரிக்கப்படாமல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு இடங்களில் தனித்து நின்றால் ஐயத்துக்கு இடமில்லை.

இன்னொரு சொல்லை நீங்கள் தவறாக வாசித்திருக்கிறீர்கள். உங்கள் குற்றமன்று; சென்னையில் வளர்ந்ததாகச் சொல்கிறீர்கள். பாட்டியின் கடிதத்தில், “அம்மைக்கு உங்களைத் தேடுகிறது. செவலைப் பசுவுக்கும் தேடுகிறது. சாயங்காலம் ஆனால் இந்த வீட்டில் சுவருக்கும் தேடுகிறது” என்ற வரிகளைப் படியெடுத்துவிட்டு, “யார் எதைத் தேடுகிறார்கள் என்று புரியவில்லை” என்று குறித்திருக்கிறீர்கள். தென்மாவட்டத்துப் பேச்சில் ‘தேடுகிறது’ என்றால் தொலைந்த பொருளைத் தேடுவதன்று. ஒருவர் இல்லாத குறை மனத்தை வாட்டுவதற்கு நாங்கள் சொல்லும் சொல் அது. தாயைப் பிரிந்த குழந்தை அழுதால், “பிள்ளைக்கு அம்மையைத் தேடுது” என்போம். இதற்கு ஈடான ஒற்றைச் சொல் எழுத்துத் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. ஏக்கம் என்பதும் பிரிவாற்றாமை என்பதும் இதன் ஒரு பகுதியைத்தான் சொல்லும். மாமியாருக்குத் தேடுகிறது, மாட்டுக்குத் தேடுகிறது, சுவருக்குத் தேடுகிறது என்று எழுதி, ‘எனக்கு’ என்ற ஒன்றை மட்டும் எழுதாமல் விட்ட பெண்ணுக்கு நேசம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். என் அனுபவத்தில் இதைவிட வெளிப்படையான காதல் கடிதத்தை இந்த மாவட்டத்தில் நான் வாசித்ததில்லை.

அதுபோலவே ‘எழுத்து கிட்டியது’ என்பதும். இங்கே எழுத்து என்றால் கடிதம், கிட்டுவது என்றால் கிடைப்பது. மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் தமிழைக்கூட மலையாள லிபியில் எழுதிய கட்டுகளும், தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் தமிழை அரபு லிபியில் எழுதிய அர்வி கடிதங்களும் உண்டு. உங்கள் கட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் வேற்றுமொழி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பனைமரத்துக்கு வருவோம். அக்கானி என்பது பதநீர். “அக்கானி இந்த வருஷம் குறைவு. கிணற்றடி மரம் மட்டும் இரண்டு கலயம் தருகிறது. வேறு யாரையும் அதில் ஏறவிடுவதில்லை என்று அம்மை சொல்லிவிட்டார்கள்” என்பதை வீட்டுக் கணக்கு என்று எண்ணியிருக்கிறீர்கள். அது கணக்கும்தான். ஆனால் அந்த மரத்தில் ஏறியவர் யார் என்று உங்கள் குடும்பத்து மூத்தவர்களிடம் கேட்டீர்களா? பாட்டா ஆசிரியப் பயிற்சிக்குப் போகுமுன் தகப்பனாரோடு தொழிலுக்குப் போனவர் என்று நீங்களே வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது அவர் ஏறிய மரமாக இருந்தால், அந்த வரிக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. முல்லைத் திணையில் காத்திருக்கும் தலைவி கார்மேகத்தையும் கொடியையும் சொல்லித் தன்னைச் சொல்வதோடு இதைச் சேர்த்துப் பேசுவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகத் துணியவில்லை. உங்கள் பாட்டிக்குத் தெரிந்தது அந்த மரம். நேரே சொல்ல முடியாததைச் சொல்ல, பக்கத்தில் நின்றதை அவர் எடுத்துக்கொண்டார்.

சொல்லாமல் விட்டதையும் வாசிக்க வேண்டும். ஜப்பானியப் படை 1942 மார்ச் 8-இல் இரங்கூனைப் பிடித்தபின் பர்மா அரிசி வரவு நின்றுபோயிற்று. வெளியிலிருந்து வரும் அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் அதன்பின் வந்த ஆண்டுகள் கொடிய பஞ்ச காலம். மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்ததைப் பற்றிப் பேசிய தலைமுறையை நான் நேரில் கண்டிருக்கிறேன். உங்கள் மூன்றாவது படம் 1118 மார்கழி, அதாவது 1942 டிசம்பர் நடுவிலிருந்து 1943 ஜனவரி நடுவுக்குள் எழுதியது. அதில் பாட்டி, “இங்கே சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை” என்று இரண்டு முறை எழுதுகிறார். அதே கடிதத்தில் வெள்ளிக் கொலுசை ‘பத்திரமாக ஓரிடத்தில்’ வைத்திருப்பதாகவும் வருகிறது. அடகு வைத்தார் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அந்த ஆண்டில் அந்த இரண்டு வரிகளும் ஒரே தாளில் இருப்பதைக் கண்டு நான் சற்று நேரம் அப்பால் நகரவில்லை. வீட்டிலிருந்து வரும் கடிதங்களில் உள்ள பஞ்சச் செய்திகள் இந்தியப் படைவீரர்களின் மனத்தைக் கலக்குகின்றன என்று அன்றைய இராணுவத் தணிக்கை அறிக்கைகளே குறித்திருக்கின்றன. அந்தக் கலக்கம் தன் கணவருக்கு வரக் கூடாது என்று ஒரு பெண் தானாகவே தணிக்கை செய்துகொண்டார் என்றே எனக்குப் படுகிறது.

கறுப்பு மை அடித்தது அரசுத் தணிக்கை. முகாம் இருக்கும் ஊர், படைப்பிரிவு, நகர்வு, கப்பல், சேதம் ஆகியவை கடிதத்தில் வரக் கூடாது. வந்தால் அடிப்பார்கள் அல்லது வெட்டியெடுப்பார்கள். உறையின் ஓரத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி மீண்டும் மூடியிருப்பதை உங்கள் படத்திலேயே காணலாம். தமிழ்க் கடிதம் என்றால் தமிழறிந்த ஒருவர் அதை வாசித்தாக வேண்டும். ஆகவே உங்கள் பாட்டா மேசையில் உட்காரும்போதே மூன்றாவது ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார் என்ற உணர்வோடுதான் எழுதினார். ஊரில் திண்ணை, அங்கே தணிக்கை. அந்த வரிகளை மீட்பதைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: கீழே உள்ளது பென்சில் எழுத்தாகவும் மேலே அடித்தது சாயமையாகவும் இருந்தால், அகச்சிவப்புக் கதிரில் படமெடுக்கும்போது சாயமை மறைந்து பென்சில் தெரிய வாய்ப்புண்டு. மேலே அடித்தது கரிமையாக இருந்தால் அது அந்த ஒளியிலும் கறுப்பாகவே நிற்கும். வெட்டியெடுத்தது போனதுதான். வீட்டில் எதையும் சுரண்டவோ ஈரத்தால் துடைக்கவோ வேண்டாம். அடிக்கப்பட்டது உள்ளத்துச் செய்தியாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது; பெரும்பாலும் அது ஓர் ஊர்ப்பெயராகத்தான் இருக்கும்.

பாட்டா இருந்த இடங்களைக் கண்டறிவதில் எச்சரிக்கை தேவை. படைத்தபால் முத்திரையில் ஊர்ப்பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். அந்த எண்கள் எந்தக் காலத்தில் எங்கிருந்தன என்பதற்கு அஞ்சல் வரலாற்று ஆர்வலர்களிடம் பட்டியல்கள் உள்ளன. ஆனால் அந்தத் தபாலகங்கள் படையோடு நகர்ந்தவை என்பதால், எண்ணையும் தேதியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். போர் முடிவதற்குள் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். ‘பாஸ்ரா’, ‘பர்மா எல்லை’ என்ற குடும்ப நினைவை மட்டும் வைத்து ஒருவரைப் பின்தொடர முடியாது. பெட்டியில் படை விடுவிப்புச் சான்று இருந்தால் அதிலுள்ள பணி எண் எல்லாவற்றுக்கும் திறவுகோல். அவர் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்திருந்தால் நீலகிரியின் வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவில் இருந்திருந்தால் பெங்களூரிலும் உள்ள ஆவண அலுவலகங்களுக்கு அந்த எண்ணோடு எழுதிக் கேட்கலாம்.

இப்போது, நான் மிக முக்கியமாகக் கருதும் ஒன்று. அறுபத்தொன்றில் இருபத்தெட்டு கடிதங்கள் பாட்டி எழுதியவை என்கிறீர்கள். பாட்டா எழுதியவை ஊருக்கு வந்தவை. அவை பெட்டியில் இருப்பது இயல்பு. பாட்டி எழுதியவை கடல் தாண்டிப் போனவை அல்லவா? அவை எப்படி இரணியல் பரணுக்கு வந்தன? நான் பார்த்த போர்க்காலக் கட்டுகளில் பெரும்பாலானவற்றில் மனைவியின் குரல் கிடையாது. படைவீரரின் மூட்டையில் காகிதத்துக்கு இடமில்லை. மழை, வியர்வை, முகாம் மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி அவை நிலைப்பதில்லை. வாசித்துக் கிழித்தவர்களே மிகுதி. உங்கள் பாட்டா பாஸ்ராவிலிருந்து அசாமின் மழைக்காடு வரை போய் 1946-இல் திரும்பியவர். அந்த இருபத்தெட்டும் அவரோடு போய், அவரோடு திரும்பியிருக்கின்றன.

நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உறைக்குள் வைப்பதற்காகப் பாட்டி மடித்த மடிப்புகள் இரண்டு. அவை தாளின் அகலத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. அவற்றுக்கு மேல், பொருந்தாமல், இன்னும் மூன்று மடிப்புகள் ஓடுகின்றன. மொத்தத்தில் தாள் ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. மடிப்பு வெட்டும் இடங்களில் காகிதம் பஞ்சுபோல் தேய்ந்து, இரண்டு இடங்களில் துளை விழுந்திருக்கிறது. பெட்டியில் எண்பது ஆண்டு சும்மா கிடந்த தாள் மடிப்பில் உடையும், பஞ்சாகாது. பஞ்சாக வேண்டுமானால் பலமுறை திறந்து மூடியிருக்க வேண்டும். கீழ்மூலையில் மை பரவி, பழுப்பு வளையம் படிந்திருக்கிறது; நீர்பட்ட கறை அது. வியர்வையா மழையா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். சட்டைப்பையில் வைத்துச் சுமந்து, பலமுறை எடுத்து வாசிக்கப்பட்ட கடிதம் என்பதை மட்டும், செப்பனிடும் மேசையில் கழித்த ஆண்டுகளைக் கொண்டு உறுதியாகச் சொல்வேன். ‘சுவருக்கும் தேடுகிறது’ என்ற வரி உள்ள கடிதமும் அதுதான்.

இதனாலேயே பாதுகாப்பு பற்றிய என் முதல் வேண்டுகோள்: அந்த மடிப்புகளைத் தேய்த்துச் சமன் செய்யாதீர்கள். லேமினேட் செய்யவே கூடாது. செலோ டேப் ஒட்டக் கூடாது. இரண்டும் சில ஆண்டுகளில் காகிதத்தைத் தின்றுவிடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. குண்டூசிகளையும் ரப்பர் பேண்டையும் மெல்ல அகற்றுங்கள். துருப்பிடித்த ஊசியை இழுக்காமல், தாளை ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். பாட்டி பயன்படுத்தியது நீலக்கறுப்பு மை. அதில் உள்ள இரும்பு உப்பு காலப்போக்கில் பழுப்பாகிக் காகிதத்தை அரிக்கும், ஈரம் பட்டால் அரிப்பு விரையும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் ஈரமே முதல் பகை, அடுத்தது இராமபாணப் பூச்சியும் கறையானும். ஒவ்வொரு தாளையும் அமிலமற்ற காகிதத்தில் தனித்தனியே வைத்து, தரையையும் வெளிச்சுவரையும் தொடாத இடத்தில், அட்டைப் பெட்டியில் வையுங்கள். வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம். தாளின்மேல் தூவக் கூடாது. வெயிலில் காயவைக்கும் பழக்கம் ஓலைக்கும் துணிக்கும் ஒத்துவரலாம், மைக்கு ஒத்துவராது. படமெடுப்பதற்கு முன், கட்டு கட்டப்பட்டிருந்த வரிசையை அப்படியே எண்ணிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடிதம் எதன்மேல் இருந்தது என்பது, பாட்டி கடைசியாக எதை எடுத்து வாசித்தார் என்பதற்கான சான்றாக இருக்கக்கூடும்.

வாசிப்பது முறையா என்ற தயக்கத்தையும் ஓரிடத்தில் தொட்டிருக்கிறீர்கள். பாட்டா மறைந்தபின் இருபது ஆண்டுகள் பாட்டி இருந்தார் என்கிறீர்கள். எரிக்க விரும்பியிருந்தால் அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது. கட்டி, பெட்டியில் வைத்துப் போனார். நீங்கள் வாசிக்கலாம் என்பது என் கருத்து. வெளியிடுவது வேறு. காகிதம் யாரிடம் இருக்கிறதோ அவருடையது என்றாலும், எழுதியவற்றின் பதிப்புரிமை எழுதியவர்களின் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. உங்கள் பெரியப்பாவும் அத்தைமாரும் இருக்கும்போது அவர்களைக் கேட்காமல் இனி ஒரு படத்தையும் பொதுவெளியில் இட வேண்டாம். இட்ட நான்கையும்கூட அவர்களிடம் காட்டுங்கள். ‘கிணற்றடி மரம்’ எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவர்கள் சம்மதித்தால், நான்காவது கடிதத்தின் பின்பக்கத்தை மட்டும் எனக்காக ஒருமுறை படமெடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, ஒளி தாளின்மேல் சரிந்து விழும்படி எடுக்க வேண்டும். முன்பக்கம் முழுவதும் பாட்டியின் நீலக்கறுப்பு மை. ஆனால் மெல்லிய தாளின் வழியே பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் நான்கைந்து வரிகளின் நிழல் தெரிகிறது. அது பென்சில். உங்கள் இரண்டாவது படத்தில் பாட்டா கையொப்பம் இட்டிருப்பதும் பென்சிலால்தான். பாட்டிக்கு எழுத வேண்டிய பதிலை அவர் அந்தத் தாளின் முதுகிலேயே முதலில் எழுதிப் பார்த்திருக்கலாம். தணிக்கைக்குப் போகாத வரிகள் அவை.